வாசகர் கேள்வி-பதில்: நீஸ் போகிறவர்களுக்கு

பிரான்ஸின் தெற்கே, மத்தியதரைக் கடலோரம் இருக்கும் நீஸ் நகரத்தைப் பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே இதழில் எடுத்துக்கொள்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு, அப்போதே போய் வந்துவிடலாம் என்கிறேன் நான். கடற்கரை ஊர் என்றால் ஜூலை, ஆகஸ்ட்தான் சரியான நேரம் என்கிறார் கணவர். யார் சொல்வது சரி? – வாசகி, கோவை

நீங்கள் சொல்வதுதான் சரி. நீஸ் வெயில் காலத்துக்காக உருவான ஊரே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்துப் பணக்காரர்கள் தங்கள் ஊர்க் குளிருக்குப் பயந்தும், நெஞ்சுச் சளி, காசநோய் என்று வைத்தியர் சொல் கேட்டும் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கினார்கள். அக்டோபரில் வருவார்கள், ஏப்ரலில் கிளம்பிவிடுவார்கள். 1864-ல் ரயில் வந்த பிறகு ரஷ்யப் பிரபுக்களும் சேர்ந்துகொண்டார்கள். கோடையில் பெரிய ஹோட்டல்களைப் பூட்டியே வைத்திருந்த காலம் அது, வெயிலில் படுத்துக்கிடப்பதற்காக இங்கே வருவது என்பதெல்லாம் 1920, 30-களில் வந்த பழக்கம். 2021-ல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, கடற்கரைக் குளிர்கால நகரம் என்ற அடையாளத்தில்தான் சேர்த்தது. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஊரே வேறு மாதிரி தெரியும். ஹோட்டல்களின் பெரிய பெரிய ஜன்னல்கள், தெற்குப் பார்த்த பால்கனிகள், பனை மரத் தோட்டங்கள் எல்லாமே ஜனவரி வெயிலை வீணாக்காமல் வாங்கிக்கொள்ளச் செய்த ஏற்பாடுகள்.

இன்றைக்கும் ஜனவரியில் பகல் வெப்பம் 13 டிகிரி அளவில் இருக்கும், ஒரு ஸ்வெட்டர் போதும். ஆகஸ்டில் 27, 28 டிகிரி. நமக்கு அது ஒரு வெயிலே இல்லை, ஆனால் கூட்டமும் அறை வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், கடலோரத்தில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். மே மாதம் 20 டிகிரி சுற்றி இருக்கும், நாள் முழுக்க நடக்கலாம். கடல் மட்டும் இன்னும் சில்லென்றுதான் இருக்கும், பிள்ளைகள் காலை நனைத்துவிட்டு ஓடி வந்துவிடுவார்கள்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மே மாத நடுவில் பக்கத்து ஊரான கானில் திரைப்பட விழா நடக்கும், மே கடைசியிலோ ஜூன் முதல் வாரங்களிலோ மொனாக்கோவில் கார் பந்தயம் நடக்கும். இரண்டு சமயத்திலும் நீஸில் அறை விலை ஏறிவிடும். அந்த வருடத்துத் தேதிகளைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அக்டோபர், நவம்பர் மழைக்காலம், அதைத் தவிர்த்துவிடலாம்.

கடற்கரையில் மணலே கிடையாதாமே, உண்மையா? – வாசகர், திருநெல்வேலி

உண்மைதான். முழுக்கக் கூழாங்கல். சாம்பல் நிறத்தில், வழவழப்பாக, உள்ளங்கை அளவு. அலை திரும்பிப் போகும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலவென்று ஒரு சத்தம் வரும், எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் வெறுங்காலில் நடந்தால் இரண்டு அடிக்கு மேல் தாங்காது. தண்ணீரில் போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள், அங்கேயே கடைகளில் கிடைக்கும். இன்னொரு விஷயம், கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். நீச்சல் தெரியாதவர்களும் சின்னப் பிள்ளைகளும் கையைப் பிடித்துக்கொண்டு விளிம்பிலேயே நிற்பது நல்லது. கோடையில் சில நாள் ஜெல்லி மீன் வரும், உயிர்காப்பாளர் நிற்கும் இடத்தில் எச்சரிக்கை எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மெத்தையும் குடையும் போட்டு வைத்திருக்கும் பகுதிகள் தனியார் நடத்துபவை, அவற்றுக்குக் கட்டணம் உண்டு. அவற்றுக்கு நடுவே நடுவே இலவசமான பொதுக் கடற்கரை இருக்கிறது, கடலும் கல்லும் ஒன்றுதான். மணல்தான் வேண்டும் என்றால் ரயிலில் ஏறி ஆந்தீப் போங்கள், அல்லது இன்னும் பக்கத்தில் வில்ஃப்ரான்ஷ்.

நான் என்ன சொல்வேன் என்றால், நீஸில் கடலில் இறங்குவதைவிடக் கடலைப் பார்த்து உட்காருவதுதான் பெரிய விஷயம். கடலோரச் சாலை நெடுக நீல நிற நாற்காலிகள் போட்டிருப்பார்கள், யார் வேண்டுமானாலும் உட்காரலாம், காசு கிடையாது. அந்தச் சாலைக்கு ப்ரோமனாட் தெஸ் ஆங்லே என்று பெயர், ஆங்கிலேயர் நடைபாதை என்று அர்த்தம். 1820-களின் தொடக்கத்தில் கடும் குளிர் அடித்து ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போய் உள்ளூர் ஆட்கள் வேலையில்லாமல் தவித்தபோது, லூயிஸ் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் முயற்சியில் குளிர்கால விருந்தாளிகள் பணம் திரட்டி, அந்த ஆட்களுக்குக் கூலி கொடுத்துப் போட்ட ஒற்றையடிப் பாதை இது. இன்று சுமார் 7 கிலோமீட்டர் நீளம். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு போய் உட்காருங்கள், பாட்டிமார் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் ஸ்கேட்டிங் போவார்கள், கடல் நாலைந்து நீலத்தில் அடுக்கடுக்காகத் தெரியும்.

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. கூட்டிப்போகலாமா? – வாசகி, திருச்சி

தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஐரோப்பாவில் மூட்டு வலிக்காரர்களுக்கு ஒத்துவரும் ஊர்களில் இது ஒன்று. கடலோர நடைபாதை முழுக்கச் சமதரை. டிராம் தரைமட்டத்தில் நிற்கும், படி ஏற வேண்டாம். விமான நிலையத்திலிருந்தே டிராம் ஏறி ஊருக்குள் வந்துவிடலாம்.

கோட்டைக் குன்று என்று ஒன்று இருக்கிறது, 90 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் உயரம், ஊரையும் வளைகுடாவையும் முழுதாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. படியில் ஏறினால் 200-க்கு மேல். ஆனால் குன்றின் அடிவாரத்தில், கடலைப் பார்த்த பக்கத்தில், பாறைக்குள் குடைந்த லிஃப்ட் இருக்கிறது, இலவசம். அம்மாவை அதில் ஏற்றிவிடுங்கள். மேலே கோட்டையைத் தேடாதீர்கள், பதினான்காம் லூயி உத்தரவில் 1706-ல் இடித்துத் தள்ளிவிட்டார்கள். இப்போது இருப்பது மர நிழலும் செயற்கை அருவியும் உட்கார நிறைய பெஞ்சுகளும்தான்.

நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே இருந்தால் டமார் என்று ஒரு வெடிச்சத்தம் கேட்கும், அம்மாவிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், பயந்துவிடப் போகிறார். 1860-களில் இங்கே தங்கியிருந்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஊர் சுற்றப் போகும் மனைவி மதியச் சாப்பாட்டுக்கு நேரத்தோடு வீடு திரும்பவேண்டும் என்பதற்காக பீரங்கி வெடிக்க ஏற்பாடு செய்தாராம், ஊர் அதைத் தன் வழக்கமாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. இன்றும் தினம் நடக்கிறது.

பழைய நகரத்தின் சந்துகளில் மட்டும் கவனம் தேவை. குன்றின் பக்கம் போகப் போக ஏற்றமும் படிகளும் வரும், அம்மாவுக்குக் கீழ்ப்பக்கச் சந்தைத் தெருவே போதும்.

நாங்கள் சுத்த சைவம். முட்டையும் சாப்பிடமாட்டோம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா? – வாசகர், கும்பகோணம்

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். முதலில் நல்ல செய்தி. நீஸின் தெருத் தீனி என்றால் அது சொக்கா, அது நூற்றுக்கு நூறு சைவம். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். மாவை நீர்க்கக் கரைத்து, வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும் பெரிய செப்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, விறகு அடுப்புக்குள் தள்ளிவிடுவார்கள். வெளியே எடுக்கும்போது மேலே ஆங்காங்கே கருகிக் கொப்பளம் விட்டிருக்கும், ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் துண்டு போட்டு, மிளகுத் தூளைத் தாராளமாகத் தூவித் தருவார்கள். ஆறினால் ருசி போய்விடும், அதனால் அடுத்த தட்டு அடுப்பிலிருந்து வரும்வரை வரிசையில் நின்று, சுடச்சுட, கையால் சாப்பிடுங்கள். முள்கரண்டி கேட்க வேண்டாம், அங்கே யாரும் அப்படிச் சாப்பிடுவதில்லை.

இனி எச்சரிக்கை. பிஸ்ஸலதியேர் என்று வெங்காயத்தை நன்றாக வதக்கி ரொட்டி மேல் பரப்பியிருப்பார்கள், பார்க்கச் சைவம் போலத்தான் இருக்கும், அதில் நெத்திலி வகை மீன் இருக்கும். நிஸ்வாஸ் சாலட் என்ற பேரைப் பார்த்துக் காய்கறி என்று நினைத்துவிடாதீர்கள், நெத்திலி, சூரை மீன், முட்டை எல்லாம் உண்டு. அதையே ரொட்டிக்குள் வைத்தால் பான் பாஞா. ஃபார்சி என்பது தக்காளி, கத்தரி, குடைமிளகாய்க்குள் பூரணம் வைத்தது, பூரணம் பெரும்பாலும் இறைச்சி. ரவியோலிக்குள்ளும் அப்படியே. கீரை வகையில் செய்யும் தூர்த் தெ பிளெத் என்ற இனிப்புப் பணியாரம் உலர்திராட்சை, பைன் கொட்டை எல்லாம் போட்டு அருமையாக இருக்கும், ஆனால் அதில் முட்டை சேர்ப்பார்கள்.

உங்களுக்கு உதவும் வார்த்தைகள் மூன்று: சான் வியாந்த், இறைச்சி வேண்டாம். சான் புவாசோன், மீன் வேண்டாம். சான் ஸஃப், முட்டை வேண்டாம். மூன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு.

சமையலறை உள்ள அபார்ட்மென்டில் தங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. கூர் சலேயா என்ற சந்தைத் தெருவில் திங்கள் தவிர மற்ற நாள் காலையில் காய்கறியும் பழமும் பூவும் குவிந்து கிடக்கும், திங்களன்று அதே இடத்தில் பழம்பொருள் சந்தை. தக்காளியை நீங்களே எடுத்து அமுக்கிப் பார்க்காதீர்கள், கடைக்காரரிடம் இன்றைக்கா நாளைக்கா எப்போது சமைக்கப் போகிறீர்கள் என்று சொன்னால் அவரே பார்த்து எடுத்துத் தருவார். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதல் வார்த்தை போன்ஜூர் ஆக இருக்கட்டும். அது சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் சுருங்கிவிடும், சொன்னால் அதே ஆள் சிரித்துக்கொண்டே உதவுவார். உணவகத்தில் பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, ‘கராஃப் தோ’ என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீரைக் குடுவையில் தருவார்கள், நல்ல தண்ணீர். மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள், அதற்கு மேல் போனால் பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

ஓவியம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மத்தீஸ், ஷகால் அருங்காட்சியகங்களுக்குப் போவது நேர விரயமா? – வாசகர், சேலம்

இல்லவே இல்லை, தெரியாதவர்கள்தான் முதலில் போக வேண்டும். மத்தீஸ் 1917 டிசம்பரில் இங்கே வந்தார். வந்த நாளிலிருந்து மழை, வெறுத்துப்போய் கிளம்பலாம் என்று இருந்தவர், ஒரு நாள் காற்று அடித்து மேகம் கலைந்து வெளிச்சம் வந்ததைப் பார்த்ததும் முடிவை மாற்றிக்கொண்டார். 1954-ல் இறக்கும்வரை இந்த ஊரும் சுற்றுவட்டாரமும்தான் அவருக்கு வீடு. கூர் சலேயா சந்தையின் கடைசியில் நிற்கும் மஞ்சள் கட்டடத்தில் பல வருடம் குடியிருந்தார். நீங்கள் காலையில் சந்தையில் நின்று அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, பிற்பகல் அருங்காட்சியகம் போங்கள், அந்த மஞ்சளும் நீலமும் ஜன்னல் வழியாக வரும் வெயிலும் எங்கிருந்து வந்தன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

அருங்காட்சியகம் சிமியே என்ற மேட்டுப் பகுதியில், 17-ஆம் நூற்றாண்டுச் சிவப்பு மாளிகை ஒன்றில் இருக்கிறது. பக்கத்திலேயே ரோமானியர் கட்டிய சிறிய அரங்கின் இடிபாடுகள், சுற்றிலும் ஒலிவ மரத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் மடாலயமும் கல்லறைத் தோட்டமும். மத்தீஸின் கல்லறை அங்கேதான், மற்றவர்களிடமிருந்து ஒதுங்கி, அலங்காரம் ஒன்றும் இல்லாத ஒரு கல்.

அருகில் ரெஜினா என்ற பிரம்மாண்டமான கட்டடத்தைப் பார்ப்பீர்கள். விக்டோரியா மகாராணி 1895 முதல் 1899 வரை வருடா வருடம் வசந்த காலத்தில் சிமியேவுக்கு வந்து தங்கினார், 1897-ல் திறந்த அந்த ஹோட்டலிலும் தங்கினார். அவரிடம் வேலை பார்த்த இந்தியரான முன்ஷி அப்துல் கரீமும் கூட வந்தார். 1897-ல் அவர் வரக் கூடாது, வந்தால் நாங்கள் வர மாட்டோம் என்று அரண்மனை ஆட்கள் கொடி பிடித்தார்கள், ராணி விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வாசலில் நிற்கும்போது ராணியின் சிலையோடு இவரையும் நினைத்துக்கொள்ளுங்கள், அவருக்கு அங்கே சிலை இல்லை. பிற்காலத்தில் அதே கட்டடம் அடுக்குமாடிக் குடியிருப்பானபோது மத்தீஸும் அங்கே குடியேறினார்.

ஷகால் அருங்காட்சியகம் மலையேறும் வழியிலேயே வரும், 1973-ல் ஷகால் உயிரோடு இருந்தபோதே திறந்தது. பைபிள் கதைகளைப் பெரிய பெரிய திரைகளில் வரைந்திருக்கிறார். பதினேழு ஓவியங்கள்தான் மைய வரிசை, ஒரு மணி நேரம் போதும், ஆனால் அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும், நடந்துகொண்டே பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. இரண்டு அருங்காட்சியகங்களுக்கும் செவ்வாய் விடுமுறை. எத்தனையோ பேர் செவ்வாய்க்கிழமை மேடேறி வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புகிறார்கள்.

நீஸ் பிரான்ஸா, இத்தாலியா? படங்களில் பார்த்தால் வீடுகள் இத்தாலி மாதிரியே இருக்கின்றன. – கல்லூரி மாணவி, மதுரை

நல்ல கண் உங்களுக்கு. 1388 முதல் பெரும்பாலும், பிற்காலத்தில் இத்தாலியை ஆண்ட சவோய் அரச குடும்பத்தின் கையில் இருந்த ஊர், 1860-ல்தான் பிரான்ஸோடு நிரந்தரமாகச் சேர்ந்தது. இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி 1807-ல் பிறந்தது இங்கேதான், தன் சொந்த ஊர் பிரான்ஸுக்குப் போனதை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. அவர் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது, காவி, மஞ்சள் சுவர்களும் வளைவு வளைவான தாழ்வாரங்களுமாக, நீங்கள் சொன்ன இத்தாலிச் சாயல் அங்கே நன்றாகத் தெரியும். பழைய நகரத்தில் தெருப் பெயர்ப் பலகைகளைக் கவனியுங்கள், பிரெஞ்சில் ஒன்று, நிஸ்ஸார் என்ற உள்ளூர் மொழியில் ஒன்று, இரண்டு இருக்கும்.

ரூ த்ருவாத் என்ற தெருவில் போகும்போது ஒரு வீட்டின் மூலையில், தலைக்கு மேலே, சுவரில் பதித்த பீரங்கிக் குண்டு ஒன்று தெரியும். நிமிர்ந்து பார்க்காவிட்டால் தவறவிட்டுவிடுவீர்கள். 1543-ல் பிரெஞ்சுப் படையும் துருக்கிக் கப்பற்படையும் சேர்ந்து இந்த ஊரை முற்றுகையிட்டதன் நினைவு அது. அந்த முற்றுகையில் கத்தரீன் செகுரான் என்ற சலவைக்காரப் பெண், துணி துவைக்கும் கட்டையாலேயே துருக்கிக் கொடிக்காரனை அடித்து வீழ்த்தினாள் என்பது ஊர்க் கதை. சரித்திர ஆதாரம் குறைவு, ஆனால் ஊர் அவளை விடவில்லை, சிலை வைத்திருக்கிறது, தெருவுக்குப் பெயர் வைத்திருக்கிறது. அரசர்கள் மாறி மாறி ஆண்ட ஊரில் மக்கள் மனதில் நின்றவள் துணி துவைத்தவள் என்பது எனக்கு மிகவும் நெகிழ்ச்சியான விஷயம்.

நேரம் இருந்தால் ரஷ்யப் பேராலயத்தையும் பாருங்கள். ரஷ்ய ஜார் மன்னரின் மூத்த மகன் 1865-ல் நோயோடு வந்து இறந்துபோன இடத்தருகே 1912-ல் எழுப்பியது, வெங்காயக் கோபுரங்கள் பனை மரங்களுக்கு நடுவே நிற்கும். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் கூட நுரையீரல் நோய்க்காக 1897-98 குளிர்காலத்தை இந்த ஊரில்தான் கழித்தார்.

2016 தாக்குதலுக்குப் பிறகு போகவே பயமாக இருக்கிறது. – வாசகி, சென்னை

பயம் நியாயம்தான். 2016 ஜூலை 14 இரவு, தேசிய தின வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தில் லாரியை ஓட்டிவந்ததில் 86 பேர் உயிரிழந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. அதே நடைபாதையில் இப்போது சாலைக்கும் நடப்பவர்களுக்கும் நடுவே தடுப்புகள் இருக்கின்றன, கடலோரத்தில் நினைவுச் சிற்பமும் வைத்திருக்கிறார்கள். ஊர் மக்கள் தினமும் அங்கே நடக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள். நீங்களும் போகலாம். அன்றாடம் கவனிக்க வேண்டியது ஜேப்படித் திருட்டு: நெரிசலான டிராம், கடலோர ரயில், சந்தை, இந்த மூன்று இடத்திலும் கைப்பையை முன்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், போனைப் பின் பாக்கெட்டில் வைக்காதீர்கள்.

விசாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும்? – வாசகர், ஈரோடு

இந்தியப் பாஸ்போர்ட் என்றால், ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள், ஆனால் கோடையில் நேர்காணல் தேதி கிடைப்பதே கஷ்டம் என்பதால் மூன்று மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

நான்கு நாளில் நீஸ், மொனாக்கோ, கான், ஆந்தீப், மாந்தோன், ஏஸ், அப்படியே இத்தாலியில் ஒரு மதியம். முடியுமா? – வாசகர், புதுச்சேரி

முடியும், ஆனால் ஏன்? ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நீஸிலேயே நான்கு இரவும் தங்கி, ஒரு நாளைக்கு மட்டும் ரயிலேறுங்கள். கடலோர ரயில் அடிக்கடி ஓடும், மொனாக்கோ அரை மணிக்குள் வந்துவிடும், வாடகைக் கார் தேவையே இல்லை, கார் எடுத்தால் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும்.

ஒரே ஒரு நாள்தான் என்றால் என் ஓட்டு கிழக்குப் பக்கத்துக்கு. காலையில் வில்ஃப்ரான்ஷில் இறங்கி, நிலையத்துக்குக் கீழேயே இருக்கும் கடற்கரையில் ஒரு குளியல், அப்புறம் மாந்தோன் வரை போய் பழைய தெருக்களில் நடந்துவிட்டு, சாயங்காலம் திரும்பும்போது மொனாக்கோவில் இறங்கி ஒரு சுற்று. கானை விட்டுவிடலாம், திரைப்பட விழா இல்லாத நாளில் அது கடை வீதியும் ஹோட்டல்களும்தான். இத்தாலி எல்லை தாண்டி வெந்திமீலியா போவதானால் எல்லோரும் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், திரும்பும் ரயிலில் பிரெஞ்சுப் போலீஸ் ஏறிச் சோதிப்பது வழக்கம், போட்டோ நகலை ஏற்கமாட்டார்கள். கிழக்கே போகும்போது ரயிலில் வலது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான்.